ஆட்டம் பார்க்காத தலைவர்

தூத்துக்குடி,
5.2.1973

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான அக்காவுக்கும் அத்தானுக்கும் தம்பி பொன்னுதுரை எழுதுவது. நானும் கிரேசியும் சுகம். தெலுங்கு நாட்டுப் பனியில் ஊழியம் செய்கிற அத்தானுக்கு இழுப்பு மறுபடி வந்ததா? விடுதியில் உங்கள் பொறுப்பில் இருக்கும் பெண்பிள்ளைகள் நாற்பது பேரும் சுகமா?

ஒரு செய்தி. சிரிக்கக் கூடாது. உங்கள் தம்பி ஒரு கால்பந்துக் கழகத்துக்குத் தலைவர் ஆகிவிட்டான்.

நம் கடைக்கு வள்ளத்துக்கான கயிறும் வலையும் வாங்க வருகிறவர்களில் சந்தியாகு என்று ஒருவர். சங்கு குளிக்கிற கத்தோலிக்கர், வெள்ளிமீன் கால்பந்துக் கழகத்தின் கோல்கீப்பர். கோல் கம்பத்தில் கட்ட ஒரு பழைய வலை கேட்டார். பழசு எதற்கு, புதுசே கொண்டுபோங்கள் என்று கொடுத்தேன். நான் செய்த புண்ணியம் அவ்வளவுதான். அந்தக் கழகத்தில் பாதிப் பேர் கடல் தொழில். மீதிப் பேர் உப்பளத்திலும் புது ஹார்பரிலும் வேலை. தலைவர் எங்கள் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் மூன்று வருடம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். கடைசியில் இரண்டு பக்கத்திலும் சேராத ஆளைத் தேடி என்னைப் பிடித்துவிட்டார்கள். நான் இல்லாத கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிட்டு, இன்று காலை மாலையும் கையுமாகக் கடை வாசலில் வந்து நின்றார்கள். செயலாளர் தாணுலிங்கம் உப்பளத்தில் கங்காணி. "அண்ணாச்சிக்கு ஆட்டம் தெரியாதுல்லா, அதுதான் நல்லது. தெரிஞ்சவன் வாயத் தொறந்தா சண்டைதான் வரும்" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு என் கழுத்தில் விழுந்த மாலை இதுதான் அக்கா. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வந்தது சந்தோஷம்தான்.

ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி,
பொன்னுதுரை

*

மிஷன் விடுதி, பாலபள்ளி,
17.2.1973

அன்புள்ள தம்பி பொன்னுதுரைக்கு அக்கா தேவமணியின் ஆசீர்வாதம். இங்கே அத்தானுக்கு இழுப்பு பரவாயில்லை. கிரேசியின் முழங்கால் வலிக்கு நொச்சி இலை வேகவைத்து ஒத்தடம் கொடுக்கச் சொல்.

சிரிக்கக் கூடாது என்று எழுதினாய். அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். பத்து வயதில் மூக்கில் பந்து பட்டதற்கு இரண்டு நாள் என் சேலைக்குள் ஒளிந்து கிடந்தவன்தானே நீ? உன்னைத் தலைவனாக்கியவர்கள் கெட்டிக்காரர்கள். போகட்டும், நாலு பேருக்கு நல்லது செய்ய ஒரு வழி என்று நினைத்துக்கொள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆட்டம் எந்தக் கிழமை? நாசரேத்து ஊரில் நம் வீட்டில் ஞாயிறன்று அடுப்பு எரிந்ததில்லை. சனிக்கிழமை ஆக்கியதைத்தான் மறுநாள் சாப்பிட்டோம். அப்பா இருந்தவரை ஓய்வுநாளில் ஒரு பந்து நம் முற்றத்தில் உருண்டதில்லை. ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக என்ற நாலாம் கற்பனையை உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அம்மா போனபோது உனக்கு நாலு வயது, எனக்குப் பதின்மூன்று. இப்போது நீ சபையை நடத்தும் சேகரக் கமிட்டியில் வேறு இருக்கிறாய். யோசித்து நட.

இப்படிக்கு,
அக்கா

*

தூத்துக்குடி,
21.3.1973

பிரியமான அக்காவுக்கு, தம்பியின் அன்பு. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடையில் வேலை அதிகம். நொச்சி இலை நன்றாகக் கேட்கிறது என்று கிரேசி சொல்லச் சொன்னாள்.

நீங்கள் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாயந்திரம் நாலரை மணிக்குத் தொடங்கி ஆறுக்குள் முடிந்துவிடும். வீண் கூச்சல், சீட்டு, குடி ஒன்றும் கிடையாது. 18-ஆம் தேதி ஆட்டத்தில் நம்மவர்கள் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். கடைசி ஐந்து நிமிஷத்தில் எதிராளி அடித்த பந்து மேல்கம்பத்துக்குப் போகிறது, சந்தியாகு கடலுக்குள் பாய்கிற மாதிரி தலைகுப்புறப் பாய்ந்து விரல் நுனியால் தட்டிவிட்டார். விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் பதறி ஓடுகிறார்கள். பார்த்தால் மனுஷர் படுத்துக்கொண்டே சிரிக்கிறார்! அதன் பிறகு கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரை வரைக்கும் போயிற்று.

எங்கள் பக்கம் ஆடுகிறவர்கள் முன்பு தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முகம் திருப்பிக்கொள்வார்கள். இப்போது உப்பளத்துப் பிள்ளைகள் வள்ளக்காரர் வீட்டில் மீன் குழம்பு சாப்பிடுகிறார்கள். இது என்னாலா, வலையாலா தெரியவில்லை.

அத்தானுக்கு வணக்கம்.

தம்பி

*

பாலபள்ளி,
2.4.1973

ஏலே பொன்னுதுரை,

சுகம் கேட்டு எழுத இப்போது மனம் இல்லை. விடுதிச் சுவரில் காலண்டர் தொங்குகிறது. மார்ச் 18 சிவப்பு எழுத்தில் இருக்கிறது.

கிழமை கேட்டேன், மணி சொன்னாய். அப்பாவைச் சமாளிக்க இதே வேலையைச் சின்ன வயதிலும் செய்வாய். அப்பாவிடம் நடந்தது. நான் உன் அக்கா.

நீ ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனாயா? ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று எழுது. வேறொன்றும் வேண்டாம்.

தேவமணி

*

தூத்துக்குடி,
11.4.1973

அக்காவுக்கு,

இல்லை.

ஆட்டம் எல்லாம் ஞாயிறுதான், அது உண்மை. ஆனால் நான் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. 18-ஆம் தேதி நடந்தது எல்லாம் மறுநாள் கடையில் சந்தியாகு வாயால் கேட்டது. கண்ணால் பார்த்த மாதிரி எழுதிவிட்டேன், மன்னியுங்கள். எழுத எழுத நான் அங்கே நின்ற மாதிரியே இருந்தது.

வேறு கிழமை வைக்க முயற்சி செய்யாமல் இல்லை. கடலுக்குப் போகிறவர்கள் ஞாயிறு தவிர ஆறு நாளும் வள்ளத்தில் இருக்கிறார்கள். ஹார்பரிலும் உப்பளத்திலும் ஞாயிறுதான் லீவு. பதினொரு பேரும் ஒரே இடத்தில் நிற்க வாரத்தில் வேறு நாள் கிடையாது. பயிற்சி மட்டும் கிடைத்தவர்களை வைத்துச் சனிக்கிழமை சாயந்திரம் நடக்கும். அதற்கு நான் போவேன்.

போன வாரம் சந்தியாகு கடைக்கு வந்தார். கயிறு வாங்கவில்லை. சும்மா நின்றார். பிறகு கேட்டார்:

"நீங்க ஒருநாள்கூட வராத ஆட்டத்துக்கு உங்க பேரை எதுக்கு அண்ணாச்சி நோட்டீஸ்ல போடுதோம்? நாங்க ஞாத்துக்கெழம பூசைக்குப் போயிட்டுத்தான் ஆட வாரோம். எங்க சாமிக்கு ஆகாதது ஒண்ணுமில்லையே இதுல."

கோபமாகச் சொல்லவில்லை அவர், வருத்தமாகச் சொன்னார். அதுதான் உறைக்கிறது.

அக்கா, காலை ஆராதனைக்குப் போய்விட்டு, சாயந்திரம் ஒன்றரை மணி நேரம் நான் போய் நிற்கலாமா? எனக்குப் போக ஆசையாக இருக்கிறது. நீங்கள் போ என்றால் போகிறேன். வேண்டாம் என்றால் தலைவர் பதவியை விட்டுவிடுகிறேன். பேர் மட்டும் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பது அவர்களுக்கும் மரியாதை இல்லை, எனக்கும் இல்லை.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தம்பி

*

தூத்துக்குடி,
9.7.1973

அன்பும் மரியாதையுமுள்ள மதினிக்கு, கிரேசி எழுதிக்கொள்வது. அண்ணனும் நீங்களும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். உங்கள் தம்பிக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

மூன்று மாதமாய் உங்களிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் இவர்கள் கல்லாவை விட்டு எழுந்துவிடுகிறார்கள். வந்தது கரண்டு பில் என்றால் அன்றைக்கு எனக்குத்தான் பேச்சு விழுகிறது.

ஞாயிற்றுக்கிழமை கூத்தை என்ன சொல்ல! ஆராதனை முடிந்து வந்து சாப்பிடுவார்கள். நாலு மணிக்கு வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார்கள். மைதானம் நம் வீட்டுக்கு அரை மைல்தான். சத்தம் கேட்கும். மறுபடி இறங்கும்போது பார்த்தால் விரல் வைத்த பக்கத்திலேயே விரல் இருக்கும். போன வாரம் பெரிய ஆரவாரம் கேட்டது. "ஏளா கிரேசி, இது நம்ம கோலா, அவனுவ கோலா?" என்று மேலே இருந்து என்னிடம் கேட்கிறார்கள். மீன் அலசிக்கொண்டிருந்த எனக்கு என்ன தெரியும்? காக்காயிடம்தான் கேட்க வேண்டும்.

சிரிப்பாய் எழுதினாலும் எனக்குப் பயமாக இருக்கிறது மதினி. மனுஷர் பாதி இளைத்துவிட்டார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லாத வருத்தம் உங்களுக்குத் தெரியும். அந்தப் பதினொரு பேர் கடைக்குள் வந்து அண்ணாச்சி என்று கூப்பிடுகிற நாளில் இவர்கள் முகமே வேறு. வேண்டாம் என்றாவது எழுதிவிடுங்கள். ஒன்றும் எழுதாமல் இருந்தால் தாங்க மாட்டார்கள்.

உங்கள் பிரியமுள்ள,
கிரேசி

*

தூத்துக்குடி,
20.8.1973

பிரியமான அக்காவுக்கும் அத்தானுக்கும். எங்கள் சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை. உங்கள் சுகம்தான் தெரியவில்லை.

நாலு மாதம் காத்திருந்தேன். நீங்கள் பேசாமல் இருப்பதே பதில் என்று எடுத்துக்கொண்டேன். இன்று காலை தலைவர் பதவியை விட்டு விலகுவதாகக் கடிதம் எழுதித் தாணுலிங்கத்திடம் கொடுத்துவிட்டேன். அவர் பிரித்துப் பார்த்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், போய்விட்டார்.

நேற்று அரையிறுதியில் ஜெயித்துவிட்டார்களாம். அக்டோபர் 14-இல் காயல்பட்டினத்து அணியோடு இறுதி ஆட்டம். கழகம் தொடங்கி ஒன்பது வருடத்தில் இறுதிக்குப் போவது இதுதான் முதல் தடவை. அது என்னுடைய காலத்தில் நடந்தது என்ற திருப்தி போதும்.

மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன். எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்கா பேசாமல் ஒரு தலைவர் நாற்காலி எனக்கு எதற்கு? பந்து போனால் போகிறது. எனக்குக் கடிதம் எழுதுங்கள்.

தம்பி

*

பாலபள்ளி,
21.8.1973

என் தம்பி பொன்னுதுரைக்கு,

அத்தான் சுகம். நானும் சுகம். நாலு மாதம் எழுதாதது கோபத்தால் என்று நீ நினைத்திருப்பாய். முதல் வாரம் கோபம்தான். அதற்குப் பிறகு வெட்கம்.

உன் கேள்விக்கு வேண்டாம் என்று மூன்று தடவை எழுதினேன். மூன்றையும் கிழித்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

இந்த ஊரில் வாரச் சந்தை ஞாயிற்றுக்கிழமை. சுற்றியுள்ள பதினாலு கிராமமும் அன்றைக்கு அங்கேதான் இருக்கும். அரிசி, பருப்பு, மிளகாய் எல்லாம் அன்று வாங்கினால் உண்டு. நாங்கள் வந்த முதல் வருடம் நான் பிடிவாதமாக ஞாயிறு சந்தைக்குப் போகவில்லை. சனிக்கிழமை ஒரு வியாபாரி கழித்துப் போட்ட அரிசியைத் தலையில் கட்டினான். அதுவும் புதன்கிழமைக்குள் தீர்ந்துவிட்டது. பிள்ளைகளுக்குத் தண்ணீராய்க் கஞ்சி ஊற்றினேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தாள். அடுத்த ஞாயிறு நான் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அத்தான் என்னைத் தடுக்கவில்லை. சந்தைக்குப் போனவர்கள் ஆலயத்துக்கு எப்படி வருவார்கள் என்று, அத்தானும் பிரதான ஆராதனையை வியாழக்கிழமை சாயந்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

பதினோரு வருடமாக உன் அக்கா ஒவ்வொரு ஞாயிறும் சந்தையில் நின்று மிளகாய்க்குப் பேரம் பேசுகிறாள். ஒரு கடிதத்திலும் உனக்கு எழுதவில்லை. நாசரேத்தில் ஒருவருக்கும் எழுதவில்லை.

அப்பா வீட்டு ஞாயிறு எங்கேயாவது அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். என்னால் முடியாததை உன் தலையில் ஏற்றி வைத்துவிட்டு, இங்கே நிம்மதியாக இருந்தேன். அது நியாயம் இல்லை தம்பி. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

கிரேசி எழுதியிருந்தாள், அவளைத் திட்டாதே. அவள் கடிதம் வந்த பிறகும் ஐந்து வாரம் இதை எழுதப் பயந்தேன்.

போய் நில். உன் பிள்ளைகள் ஆடுகிறார்கள், நீ மாடியில் ஏன் நிற்கிறாய்?

அக்கா

*

தூத்துக்குடி,
3.9.1973

என் அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் என் கடிதமும் ரயிலில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. உங்களுடையதைக் கடையிலேயே வாசித்தேன். கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்பதா? நாற்பது பிள்ளைகளுக்குச் சோறு போட்டதற்கா? இனி இந்தப் பேச்சு வேண்டாம்.

ஆனால் நான்தான் முந்திக்கொண்டேனே. விலகல் கடிதம் கொடுத்தாகிவிட்டதே! அன்றே உப்பளத்துக்குச் சைக்கிளை மிதித்தேன். தாணுலிங்கம் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். கடிதம் இன்னும் அதே சட்டைப்பையில், வியர்வையில் ஊறிக் கிடந்தது. யாருக்கும் காட்டவில்லையா என்று கேட்டேன்.

"எப்படிக் காட்ட முடியும்? கழகத்துச் சட்டப்படி தலைவர் வெலகணும்னா பொதுக்கூட்டத்துக்கு நேர்ல வந்து வாசிக்கணும். பொதுக்கூட்டம் ஞாத்துக்கெழமதான் நடக்கும். நீங்கதான் ஞாத்துக்கெழம வரமாட்டீயளே அண்ணாச்சி" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அந்தச் சட்டம் அவர் வரப்பில் நின்று போட்டதா, முன்பே இருந்ததா என்று நான் கேட்கவில்லை. நான் இன்னும் தலைவர்தான்.

இன்னொன்றும் செய்தேன். மறைத்து எதுவும் வேண்டாம் என்று நம் சபைப் போதகர் ஐயரைப் போய்ப் பார்த்தேன். இறுதி ஆட்டத்துக்குப் போகப்போகிறேன் என்றேன். ஆலயத்துக்கு வருவதை யாரும் தடுக்கவில்லை, ஆனால் கமிட்டியில் இருப்பவர் மைதானத்தில் நின்றால் சபையார் வாய்க்குப் பதில் சொல்ல முடியாது என்றார்கள். அவர்கள் நிலையில் அது சரிதான். கமிட்டி இடத்தை எழுதிக்கொடுத்துவிட்டேன். ஒன்பது வருடம் உட்கார்ந்த இடம், வலித்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். கிரேசி எனக்குப் பிடித்த சாளைமீன் பொரித்து வைத்தாள்.

தம்பி

*

தூத்துக்குடி,
14.10.1973, ஞாயிறு

அன்பு அக்காவுக்கும் அத்தானுக்கும்,

எல்லோரும் சுகம். என் தொண்டை மட்டும் சுகமில்லை. நான் பேசுவது கிரேசிக்குப் புரியவில்லை என்கிறாள்.

காலை ஆராதனைக்கு எப்போதும் போல் போனேன். மூன்று பேர் முகம் கொடுக்கவில்லை. ஐயர் கைகொடுத்தார்கள். நாலு மணிக்கு வேட்டியை மாற்றிக்கொண்டு மைதானத்துக்கு நடந்தேன். கூட்டத்துக்குப் பின்னால் ஒரு ஓரமாய் நின்றுகொண்டேன்.

முதல் பாதி வரைக்கும் தலைவர் மாதிரிதான் நடந்துகொண்டேன். இடைவேளைக்குப் பிறகு இரண்டு அணியும் பக்கம் மாறுவார்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சனிக்கிழமைப் பயிற்சியில் அப்படி மாறுவது கிடையாது. முதல் பாதியில் நம்மவர்கள் அடித்துக்கொண்டிருந்த கம்பத்துக்குள் பந்து போனதும், நம்ம கோல் என்று நான் துள்ளிக் குதித்துக் கை தட்டினேன். நம் பக்கத்துக் கூட்டம் முழுக்க அமைதி. தாணுலிங்கம் மெதுவாக என் கையைப் பிடித்து இறக்கி, "அது அவனுவ கோலு அண்ணாச்சி" என்றார். காயல்பட்டினத்துக்காரர்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பூமி பிளக்காதா என்று இருந்தது.

அதற்குப் பிறகு நான் தலைவராக இல்லை. செருப்பு ஒன்று எங்கோ போயிற்று. கோட்டுப் பக்கமாய் அங்கும் இங்கும் ஓடிக் கத்தினேன். ஆட்டம் முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது நம்மவர்கள் ஒன்று போட்டுச் சமமாக்கினார்கள். யார் யாரைக் கட்டிப்பிடித்தேன் என்று தெரியவில்லை. ஒன்றுக்கு ஒன்று. இருபத்தெட்டாம் தேதி ஞாயிறு மறு ஆட்டம்.

கூட்டம் கலைந்த பிறகுதான் பார்த்தேன். நடுக்கோட்டுக்கு நேராக, முதல் வரிசையில் ஒரு கைவைத்த மர நாற்காலி காலியாக இருந்தது. யாருக்கு என்று கேட்டேன். தலைவருக்கு என்றார் சந்தியாகு. அவர் வீட்டு நாற்காலியாம். பிப்ரவரி முதல் ஒவ்வொரு ஞாயிறும் தோளில் சுமந்து வந்து போடுவாராம். நான் வரமாட்டேன் என்று தெரிந்தும் போட்டிருக்கிறார்கள். கூட்டம் நெருக்கியடித்த நாளிலும் அதில் ஒருவரும் உட்காரவில்லையாம்.

இன்றைக்கு நான் வந்தேன். கடைசி வரைக்கும் நானும் அதில் உட்காரவில்லை, அக்கா.

உங்கள் தம்பி,
பொன்னுதுரை

*

பாலபள்ளி,
20.10.1973

தம்பிக்கு,

கார்டில் இடம் இல்லை, அதனால் சுகம் விசாரிப்பெல்லாம் அடுத்ததில். உன் கடிதத்தை அத்தான் வியாழக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு சபையாருக்குத் தெலுங்கில் சொன்னார்கள். நீ கை தட்டிய இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நாற்காலியில் அழுதார்கள்.

நாசரேத்துப் பெரியம்மாவுக்கு என் சந்தை விஷயத்தை நானே எழுதிவிட்டேன். என்ன சொல்வார்களோ சொல்லட்டும்.

இருபத்தெட்டாம் தேதி நாலரை மணிக்கு நான் மிளகாய்க் கடை முன்னால் நிற்பேன். அங்கேயே உங்களுக்காக ஜெபிப்பேன். முடிவைக் கடிதத்தில் எழுதி நாலு நாள் என்னைக் காக்கவைக்காதே. தந்தி அடி. திங்கள் வரைக்கும் பொறுக்காதே, ஞாயிற்றுக்கிழமையே அடி.

அக்கா,
தேவமணி